ஒரே பட்டியல், வேறு வரிசை: மாரடைப்பையும் ஸ்ட்ரோக்கையும் ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

"ஸ்ட்ரோக் என்பது மூளைக்கு வரும் ஹார்ட் அட்டாக்." இந்த வாக்கியத்தை எங்காவது கேட்டிருப்பீர்கள். ஆஸ்பத்திரி சுவரில் பார்த்திருக்கலாம், வாட்ஸப்பில் வந்திருக்கலாம், டிவி பேட்டியில் ஒரு டாக்டரே சொல்லியிருக்கலாம். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. நெஞ்சுவலி என்றால் அடித்துப் பிடித்து ஓடுகிற நம் ஜனங்கள், வாய் கோணி கை மரத்துப்போனால் மட்டும் "காலையில பார்த்துக்கலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். அந்த அலட்சியத்தை உடைக்க இப்படி ஒரு வாக்கியம் தேவைப்பட்டது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு பாமரக் கணக்கும் ஓடுகிறது: "கொலஸ்ட்ரால் இதயத்தைக் கெடுக்கும், பிரஷர் மூளையைக் கெடுக்கும்." லிப்பிட் ரிப்போர்ட் நார்மல் என்றால் ஹார்ட் சேஃப், பிரஷர் நார்மல் என்றால் ஸ்ட்ரோக் வராது என்று ஆளாளுக்குப் பிரித்துக்கொள்கிறோம்.

முதல் வாக்கியம் இரண்டும் ஒன்று என்கிறது. இரண்டாவது, இரண்டும் வேறு வேறு என்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் ஆதாரமாகக் காட்டக்கூடியவை ஒரே இரண்டு ஆய்வுகள்: இன்டர்ஹார்ட், இன்டர்ஸ்ட்ரோக். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைப்பவன். மருந்து பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு அட்டவணையில் நெடுவரிசைக்கு நெடுவரிசை அளவுகோல் மாறியிருந்தால், அதைக் கண்டுபிடிப்பதுதான் என் தினசரி வேலை. அந்தக் கண்ணோடு இந்த இரண்டையும் படித்ததில் கிடைத்ததை எழுதுகிறேன்.

இரண்டு ஆய்வுகள்

இன்டர்ஹார்ட் 2004-ல் லான்செட் இதழில் வந்தது. 52 நாடுகள். முதல் முறையாக மாரடைப்பு வந்த 15,152 பேர், அவர்களோடு ஒப்பிட மாரடைப்பு வராத 14,820 பேர். நடத்தியவர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சலீம் யூசுஃப். கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்தவர். அதே குழு அடுத்து ஸ்ட்ரோக்கை எடுத்துக்கொண்டது. இன்டர்ஸ்ட்ரோக்கின் முதல் கட்டம் 2010-ல் வந்தது: 22 நாடுகள், 3,000 நோயாளிகள். முழு ஆய்வு 2016-ல்: 32 நாடுகள், 13,447 நோயாளிகள்.

குறை சொல்வதற்கு முன்னால் இவற்றின் அருமையைச் சொல்லிவிட வேண்டும். இவை வருவதற்கு முன், இதய நோய் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஃப்ரேமிங்ஹாம் போன்ற அமெரிக்க, ஐரோப்பிய ஊர்களிலிருந்து வந்தது. "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, நம்ம உடம்பு வேற" என்று சொல்லித் தப்பிக்க இடம் இருந்தது. இன்டர்ஹார்ட் அந்தக் கதவை மூடியது. எல்லா நாட்டிலும் அதே ஒன்பது காரணங்கள்தான் முன்னால் நின்றன. நம் பகுதிக்கு என்று அது சொன்ன தனிச்செய்தி ஒன்றுதான்: தெற்காசியாவில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. நாற்பதுகளில் இருக்கும் எனக்கு அந்த ஆறு வருட வித்தியாசம் வெறும் புள்ளிவிவரமாகத் தெரியவில்லை.

அந்த 90 சதவீதம்

இரண்டு ஆய்வுகளும் உலகம் முழுக்கப் பரவியது ஒரே ஒரு எண்ணால். ஒன்பது காரணங்கள் சேர்ந்து மாரடைப்பில் 90 சதவீதத்துக்கு மேல் விளக்குகின்றன என்றது இன்டர்ஹார்ட். பத்துக் காரணங்கள் ஸ்ட்ரோக்கில் 90.7 சதவீதத்தை விளக்குகின்றன என்றது இன்டர்ஸ்ட்ரோக். செய்தியில் வரும்போது இது "பத்தில் ஒன்பது ஸ்ட்ரோக்கைத் தடுக்கலாம்" என்று ஆகிவிட்டது.

தனித்தனிக் காரணங்களுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் பங்கைக் கூட்டிப் பாருங்கள். இன்டர்ஹார்ட்டில் கூட்டினால் 197.9 வருகிறது. இன்டர்ஸ்ட்ரோக்கில் 200.9. என்னடா இது, நூற்றுக்கு இருநூறா?

தப்பு இல்லை. அந்த அளவீட்டின் குணமே அது. ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது என்று வையுங்கள். கரண்ட் போனது, யூபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் சர்வர் பிழைத்திருக்கும். ஆக, கரண்டின் பங்கு 100 சதவீதம். பேட்டரி நன்றாக இருந்திருந்தாலும் பிழைத்திருக்கும். ஆக, பேட்டரியின் பங்கும் 100 சதவீதம். இரண்டும் சரியான பதில். கூட்டுவதுதான் தப்பு. இப்போது ஒரே மனிதருக்குப் பிரஷர், தொப்பை, புகை, நடக்காத கால் எல்லாம் சேர்ந்து இருந்தால் கணக்கு எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தப் பங்கு, "யாரை ஆபத்தில் இருப்பவர் என்று கணக்கில் சேர்த்தோம்" என்பதைப் பொறுத்து மாறும். கோட்டைக் கீழே இறக்கினால் அதிகம் பேர் உள்ளே வருவார்கள், பங்கு வீங்கும். இது நினைவில் இருக்கட்டும். அடுத்த பகுதிக்கு இதுதான் சாவி.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

எல்லோரும் செய்வது போல இரண்டு ஆய்வுகளின் பங்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

உயர் ரத்த அழுத்தம்: மாரடைப்பில் 17.9 சதவீதம், ஸ்ட்ரோக்கில் 47.9.
கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம் (அவர்கள் அளந்தது அந்தக் கொழுப்பைச் சுமக்கும் புரதங்களை): மாரடைப்பில் 49.2, ஸ்ட்ரோக்கில் 26.8.
புகை: மாரடைப்பில் 35.7, ஸ்ட்ரோக்கில் 12.4.
சர்க்கரை நோய்: மாரடைப்பில் 9.9, ஸ்ட்ரோக்கில் 3.9.

பார்த்தவுடனே கதை முடிந்துவிட்டது போலத் தோன்றுகிறது இல்லையா? கொழுப்பும் புகையும் இதயத்துக்கு, பிரஷர் மூளைக்கு. நம் பாமரக் கணக்கு அப்படியே ஜெயித்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முதலில் பிரஷர். இன்டர்ஹார்ட்டில் "உங்களுக்கு பிரஷர் இருக்கிறதா?" என்று கேட்டு, நோயாளி சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அதற்கு நியாயம் உண்டு. மாரடைப்பு வந்தபின் அளக்கும் பிரஷர் பழைய நிலையைக் காட்டாது, இறங்கியும் போயிருக்கலாம். 2016 இன்டர்ஸ்ட்ரோக்கிலோ, "இருக்கிறது" என்று சொன்னவர்களோடு, அளந்தபோது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்ட்ரோக் வந்தவுடன் பிரஷர் தானாகவே ஏறுவதும் சகஜம். ஆக ஒரு பக்கம் சிறிய வலை, மறுபக்கம் பெரிய வலை. அதே குழு 2010-ல், நோயாளி சொன்னதை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது ஸ்ட்ரோக்கில் பிரஷரின் பங்கு 34.6 தான். நேர்மையான ஒப்பீடு 17.9-க்கும் 34.6-க்கும் இடையில். மூளைக்குத்தான் அதிகம் என்பது அப்போதும் நிற்கிறது. ஆனால் இடைவெளி பாதிக்குப் பாதி சுருங்கிவிட்டது.

இதில் இன்னொரு நுணுக்கம். "எனக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்ல வேண்டுமானால் யாராவது ஒருமுறை அளந்து சொல்லியிருக்க வேண்டும். அளக்கவே அளக்காதவர் "இல்லை" என்றுதான் சொல்வார். அளப்பது அரிதாக இருக்கும் நாடுகளில் இந்த 17.9 உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பத்து லட்சம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வந்த கட்டுரை இதற்குப் பக்கபலம். நாற்பது முதல் எழுபது வயது வரை, மேல் பிரஷர் 20 புள்ளி ஏறினால் ஸ்ட்ரோக்கில் சாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. இதய நோயில் சாகும் வாய்ப்பும் இரண்டு மடங்கு ஆகிறது. பிரஷர் மூளைக்கு மட்டும் எதிரி என்று யார் சொன்னது?

அடுத்து கொழுப்பு. இன்டர்ஹார்ட் மக்களை ஐந்து கூறாகப் பிரித்து, அடிமட்டக் கூறைத் தவிர மற்ற நான்கையும் ஆபத்துப் பக்கம் வைத்தது. அதாவது ஐந்தில் நான்கு பேர் ஆபத்தில்! இன்டர்ஸ்ட்ரோக் மூன்று கூறாகப் பிரித்து, மேல் இரண்டை ஆபத்துப் பக்கம் வைத்தது. வெட்டிய இடமே வேறு. 49.2-ஐயும் 26.8-ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது, படியில் அளந்த அரிசியையும் கிலோவில் அளந்த அரிசியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போல.

புகையிலும் அதே கதைதான். இன்டர்ஹார்ட்டின் 35.7-ல் இப்போது புகைப்பவர்களும் முன்பு புகைத்து விட்டவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இன்டர்ஸ்ட்ரோக்கின் 12.4-ல் இப்போது புகைப்பவர்கள் மட்டும்.

கொழுப்பும் புகையும் இதயத்தைத்தான் அதிகம் தாக்குகின்றன என்ற திசையை நான் மறுக்கவில்லை. இப்போது புகைப்பவர்களை மட்டும் எடுத்தாலும் மாரடைப்பில் ஆட்ஸ் 2.87 மடங்கு, ஸ்ட்ரோக்கில் 1.67 மடங்கு. நான் மறுப்பது அந்த எண்களை வைத்துக் கட்டப்படும் "இது இதற்கு, அது அதற்கு" என்கிற சுவரை. அந்தச் சுவரில் பாதி, அளந்த முறையால் வந்தது.

சர்க்கரைக் கணக்கு

எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். இன்டர்ஸ்ட்ரோக் 2016-ல் சர்க்கரை நோய்க்கு வந்த எண் 1.16. அதாவது, சர்க்கரை இருந்தால் ஸ்ட்ரோக்குக்கான ஆட்ஸ் வெறும் 16 சதவீதம்தான் கூடுகிறது. இதைப் படித்துவிட்டு ஒரு சர்க்கரை நோயாளி, "அப்பாடா, ஸ்ட்ரோக் பத்தி நான் கவலைப்பட வேணாம்" என்று நினைத்தால்?

2010-ல் லான்செட்டிலேயே வந்த இன்னொரு தொகுப்பு, 102 ஆய்வுகளில் 6,98,782 பேரைப் பின்தொடர்ந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதய நோய் இரண்டு மடங்கு. ரத்தக்குழாய் அடைத்து வரும் ஸ்ட்ரோக் 2.27 மடங்கு. ரத்தக்கசிவால் வரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றரை மடங்கு. எது சரி?

நான் இரண்டாவதை நம்புவேன். காரணம், அது ஆரோக்கியமாக இருந்தவர்களைப் பின்தொடர்ந்து போய் யாருக்கு நோய் வந்தது என்று பார்த்தது. இன்டர்ஸ்ட்ரோக் நோய் வந்தபின் பின்னோக்கிப் பார்த்தது. பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வில், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் எல்லாம். ஒப்பிடுவதற்கு எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டத்தில் சர்க்கரை நோயாளிகள் ஊரில் இருப்பதைவிட அதிகம் இருக்கத்தானே செய்வார்கள்? இரண்டு பக்கமும் சர்க்கரை நிறைய இருந்தால் வித்தியாசம் மறைந்துபோகும். இது என் ஊகம்தான், ஆனால் முதலில் சோதிக்க வேண்டிய ஊகம். அந்த 1.16-ஐ ஒரு கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்வதைவிட, ஒரு பக் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்வது நல்லது.

ஒரே எரர் மெசேஜ், நான்கு காரணங்கள்

சரி, அளவுகோல் பிரச்சினையை எல்லாம் சரிசெய்துவிட்டால் இரண்டு நோயும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. காரணம் உடம்பிலேயே இருக்கிறது.

மாரடைப்பு பெரும்பாலும் ஒரே கதை. இதயத்தின் சொந்த ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது, அதன்மேல் ரத்தம் உறைகிறது, குழாய் அடைகிறது. ஸ்ட்ரோக் அப்படி இல்லை. வெளியே தெரிவது ஒரே எரர் மெசேஜ்: கை விழுந்தது, பேச்சு குழறியது. உள்ளே குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, கழுத்து அல்லது மூளையின் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்புத் திட்டு. இது மாரடைப்பின் உடன்பிறப்பு. இரண்டு, இதயத்தில் உருவான ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைப்பது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும்போதும், மாரடைப்பில் இதயச் சுவர் பலவீனப்பட்டபின்னும் இது நடக்கும். இங்கே இதயம் குற்றவாளியே. மூன்று, மூளைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்கள் வருடக்கணக்கான பிரஷரில் தடித்து அடைபடுவது. நான்கு, அதே பிரஷரில் அந்தக் குழாய் வெடித்து ரத்தம் கசிவது. இந்தக் கடைசி இரண்டுக்கும் இதயத்தின் கொழுப்புத் திட்டுக்கும் நேரடி உறவு குறைவு.

இன்டர்ஸ்ட்ரோக்கின் 13,447 பேரில் 3,059 பேருக்கு ரத்தக்கசிவு. நூற்றுக்கு 23 பேர். பிரஷர் கசிவோடு அதிகம் ஒட்டுகிறது என்றும், கொழுப்பு, புகை, சர்க்கரை, இதயக் கோளாறு ஆகியவை அடைப்போடு அதிகம் ஒட்டுகின்றன என்றும் அந்த ஆய்வே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் தலைப்புச் செய்திக்கு வந்த எண்கள் எல்லாம் நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கியவை. பத்தை விளக்க நான்கைக் கலந்துவிட்டார்கள். அந்தப் பிரித்த அட்டவணைதான் கட்டுரையின் உயிர். அது தலைப்பில் இருந்திருக்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன?

இங்கேதான் "மூளைக்கு வரும் ஹார்ட் அட்டாக்" என்ற வாக்கியத்துக்கு வருகிறேன்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினை மெல்லச் சொல்வது பரவலான அறிவுரை. ஸ்ட்ரோக்கும் அதேதான் என்று நம்பும் மகனோ மகளோ, வாய் கோணிய அப்பாவின் வாயில் ஆஸ்பிரினைப் போட்டால்? அவருக்கு நடப்பது ரத்தக்கசிவாக இருந்தால், உறைய வேண்டிய ரத்தத்தை உறைய விடாமல் செய்துவிடுகிறோம். எது கசிவு, எது அடைப்பு என்று வெளியே பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். விழுங்குவதிலும் சிரமம் இருக்கும், புரையேறும். ஸ்ட்ரோக் என்று தோன்றினால் வாயில் எதுவும் போடாமல், ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது ஒன்றுதான் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது. அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்.

மறுபக்கம், "மூளை வேறு, இதயம் வேறு" என்று பிரிப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஃபிரான்ஸில், அடைப்பால் ஸ்ட்ரோக் அல்லது சிறு ஸ்ட்ரோக் வந்து, இதய நோய் எதுவும் இருந்ததாகத் தெரியாத 274 பேரின் இதயக் குழாய்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 18 சதவீதம் பேருக்குக் குழாயில் பாதிக்கு மேல் அடைப்பு இருந்தது. அவர்களுக்கு ஒரு அறிகுறியும் இல்லை.

2006-ல் வந்த ஸ்பார்க்கில் என்ற மருந்து ஆய்வு இதைவிடச் சுவாரஸ்யமானது. ஸ்ட்ரோக் வந்த, ஆனால் இதய நோய் இல்லாத 4,731 பேர். பாதிப் பேருக்கு அதிக டோஸில் ஸ்டாட்டின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஏறக்குறைய ஐந்து வருடத்தில் மறு ஸ்ட்ரோக் 13.1 சதவீதத்திலிருந்து 11.2-க்கு இறங்கியது. ரத்தக்கசிவு ஸ்ட்ரோக் மட்டும் 33-லிருந்து 55 பேருக்கு ஏறியது. பெரிய இதய நிகழ்வுகளோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. மூளைக்காகக் கொடுத்த மாத்திரை, விகிதத்தில் அதிகமாகக் காப்பாற்றியது இதயத்தை! ஒரே எண்ணுக்குள் நன்மையும் தீமையும் ஒளிந்திருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். மொத்தக் கணக்கில் லாபம் மருந்தின் பக்கம்தான். உங்கள் கணக்கை உங்கள் டாக்டர்தான் போட வேண்டும்.)

நம் வீடுகளில் ஸ்ட்ரோக் வந்தவரைப் பார்த்துக்கொள்வது என்றால் பிஸியோதெரபி, எண்ணெய்த் தடவல், "கை எப்ப அசையும்" என்ற கேள்வி. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஸ்ட்ரோக்கிலிருந்து தப்பியவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கு மாரடைப்பு வருகிறது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். "அவருடைய இதயம் எப்படி இருக்கு, டாக்டர்?" என்ற கேள்வி நம் பட்டியலில் இருக்கிறதா?

என் தீர்ப்பு

இன்டர்ஹார்ட்டும் இன்டர்ஸ்ட்ரோக்கும் காலத்துக்கு நிற்கும் ஆய்வுகள். அவற்றின் பட்டியலை நான் முழுசாக ஏற்கிறேன்: பிரஷர், கொழுப்பு, புகை, தொப்பை, சர்க்கரை, மன அழுத்தம், சாப்பாடு, நடை, மது. இரண்டு நோய்க்கும் ஏறக்குறைய அதே பட்டியல். வரிசைதான் வேறு. ஆனால் ஒரே குழு நடத்திய இரண்டு ஆய்வுகளில் வெட்டுக்கோடுகளை ஒரே மாதிரி வைத்து ஓர் ஒப்பீட்டு அட்டவணையை முன்னால் வைத்திருந்தால், படிப்பவர்கள் ஆளுக்கொரு சுவர் கட்டியிருக்க மாட்டார்கள். 90 சதவீதம் என்ற எண்ணோ, ஆராய்ச்சியாளர்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. ஒரு தனி மனிதனின் வாழ்க்கையில் அது எதையும் சொல்வதில்லை.

எனக்கு வேறு வாக்கியம் போதும்: ஸ்ட்ரோக் சில சமயம் இதய நோயின் தம்பி, சில சமயம் அதன் விளைவு, சில சமயம் பிரஷரின் தனிவேலை. சுவரொட்டியில் எழுத நீளமாக இருக்கிறது என்பது தெரியும். ஆனால் மூன்றிலும் பிரஷருக்குக் கை உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கில் செலவழித்து மாஸ்டர் செக்கப் போகிறவர்கள்கூட, அங்கே படியேறி வந்த மூச்சு அடங்கும் முன் எடுத்த ஒரே ஒரு பிரஷர் எண்ணோடு திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, இரண்டு தடவை அளந்து, எழுதி வையுங்கள். இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருப்பதில் மலிவான பரிசோதனை அதுதான்.